சக்குபந்தி

பொறையாறு பத்திர ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைத் தகரத்தடியில்
பதினெட்டு வருஷமாய் நிலத்தைக் கைமாற்றுகிறேன்.
தரங்கம்பாடிச் சிங்காரு வந்து உட்கார்ந்தான்.
சொகுசுக் கப்பலில் வெங்காயம் உரிப்பவன்,
ஏழு மாதம் கடல், ஐந்து மாதம் கடன்.
கோட்டைக்குத் தெற்கே நாலு சென்ட்.
வாங்குவது சென்னைப் பார்ட்டி, விடுதி கட்ட.

"மேற்படி மனையும் மாவடை மரவடையும்"
என்று நான் தட்டும்போது சொன்னான்:

"அக்கா, நம்ம கோட்டைக்காரன் அங்கேயும் கட்டியிருக்கான்.
செயின்ட் தாமஸ்னு ஒரு தீவு.
தெருப்பலகை பூரா டேனிஷ் எழுத்து,
நம்ம ராஜா வீதி பேரு அங்கேயும் தொங்குது.
கொடி அமெரிக்காவோடது, நோட்டு டாலரு,
வண்டி மட்டும் நம்மளாட்டம் இடப்பக்கம் போவுது.
டாக்சி ஓட்டுன அம்மாகிட்ட எப்புடின்னேன்.
'வித்துட்டாங்க'ன்னிச்சு.
எதைன்னேன்.
கண்ணாடியில என்னைப் பாத்துச்சு."

இரவெல்லாம் தாய்ப்பத்திரம் தேடினேன்.

ஆயிரத்து அறுநூற்று இருபது:
தங்க ஓலையில் தஞ்சை நாயக்கர் கொடுத்த கரை.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தைந்து:
அதே டேனிஷ்காரர், இங்கிலீஷ் கம்பெனிக்கு,
வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துக்கட்டி
பன்னிரண்டரை லட்சம் ரூபாய்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு:
எழுதிக் கொடுப்பவர் அவரே. வாங்குபவர் புதுசு.
மூன்று தீவு, இரண்டரைக் கோடி டாலர், தங்கமாய்.
போனது, ஏற்கெனவே ஒருமுறை விற்கப்பட்டவர்களின்
பேரப்பிள்ளைகள்.

வாங்கியவருக்கு அது முதல் கிரயம் அல்ல.
ஆரம்பத்தில் பறவை எச்சத்துக்காக,
உரமாகும் என்று, ஆளில்லாப் பாறைகள்.
பிறகு ஸ்பெயின் தோற்ற வருஷம்
பாரிஸில் மேஜை போட்டுப் பிலிப்பைன்ஸ், இரண்டு கோடி.
சுவாதீனம் எடுக்கப் போனவர்கள்
மூன்று வருஷம் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
குவாம், போர்ட்டோ ரிக்கோ: தொகைக் கட்டம் காலி.
ஹவாயை எழுதிக் கொடுத்தவர்கள்
ராணியைக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் இருந்தவர்கள்.
இருபத்தோராயிரம் கையெழுத்தோடு ஆட்சேப மனு
வாஷிங்டன் வரை போயிருக்கிறது.
என் பதிவாளரானால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
"வில்லங்கம்மா" என்பார்.

நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்,
அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்
என்று எட்டுப் பாத்தியமும் சேர்த்து எழுதுவது
எங்கள் தொழில் வழக்கம்.
புதையலுக்கு ஒரு சொல், கல்லுக்கு ஒரு சொல்,
இனிமேல் விளையப்போவதற்கும் ஒரு சொல்.
மனுஷருக்கு இல்லை.

இல்லை என்றா சொன்னேன்?
கரையான் தின்ற கட்டு ஒன்றில் படித்திருக்கிறேன்:
நன்செய் ஒன்றரை வேலி, கேணி ஒன்று,
ஆளடிமை ஏழு,
கல்லும் காவேரியும் உள்ளவரை.
எங்கள் ஆற்றங்கரைக் கையெழுத்து அது.
சுழி சுழியாய், ரொம்ப அழகான கை.
அமெரிக்காக்காரரை வைய எடுத்த வாயில்
அது வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் சிங்காரு சீக்கிரமே வந்துவிட்டான்.
சக்குபந்தி கேட்டேன்.
வடக்கே கோட்டைப் பாதை,
தெற்கே அந்தோணியம்மாள் மனை,
மேற்கே தெரு.
"கிழக்கே?"
அவன் அப்பா பத்திரத்தில் தென்னந்தோப்பு என்றிருந்தது.
தோப்புக்கு மேல் இப்போது அலை.
"கடல்னு போடுங்க."
"எங்கிருந்து?"
"அதுக்குத் தெரியும்."

படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் விரலை வைத்தான்:
'முழு மனதுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும்.'
"இத மட்டும் அடிச்சிரலாமா?"
அடித்தால் பதிவாகாது என்றேன்.
வட்டிக்காரன் பைக் வெளியே நின்றது.
கப்பலில் வெந்துபோன கட்டைவிரலில் ரேகை விழவில்லை,
இயந்திரம் மூன்று முறை மறுத்தது.
நாலாவது முறை
நான்தான் துணியால் துடைத்து
அழுத்திப் பிடித்தேன்.